ஒன்பது மணி ரிப்போர்ட்

டேப்பக்காவைப் பற்றி விசாரித்தால் அந்த அலுவலகத்தில் இன்றைக்கும் இரண்டே பதில்தான். ஒன்று, "பாவம், தங்கமான மனுஷி." இன்னொன்று, "ஏழு மாச வேலையைத் தொலைச்சவங்கதானே?" இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லுவார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கேட்கிறவனுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அது குடிநீர் வாரியம். ஊரில் எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது, எத்தனை அடி ஆழம், வால்வு எங்கே என்பதெல்லாம் வரைபடமாக அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது தரைக்குக் கீழே. பின்வாசல் வழியாகப் பதினொரு படி இறங்க வேண்டும். ஜன்னல் கிடையாது. கொளுத்துகிற கோடையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. அந்தக் குளிரில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தாள் அக்கா.

அவள் வேலை பேக்கப். கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மெஷின் தானாகவே ஒரு காந்த டேப்பில் பிரதி எடுத்து வைக்கும். பார்க்க அந்தக் காலத்துப் பாட்டுக் கேசட்டின் குண்டு அண்ணன் மாதிரி இருக்கும் அந்த டேப். மொத்தம் இருபது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் ஓடும், இருபது முடிந்தால் மறுபடி ஒன்று. மாசக் கடைசியில் எடுப்பதை மட்டும் தனியாக இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பாள். காலை ஏழு மணிக்கு அவள் உள்ளே நுழையவும் ராத்திரிப் பிரதி முடியவும் சரியாக இருக்கும்.

பிரதி எடுத்தால் போதுமா? எடுத்தது உள்ளே இருக்கிறதா என்று யார் பார்ப்பது? வேறு யாருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. அக்காவுக்கு வந்தது. யாரும் சொல்லாமல், யாரும் கற்றுக்கொடுக்காமல், அட்டை கிழிந்த ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய மந்திரமில்லை. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கிற வேலைச் சீட்டு. டேப்பை முதலுக்குச் சுற்று, தலையிலிருந்து வால்வரை படி, உள்ளே இருப்பதையெல்லாம் எண்ணு, டிஸ்கில் இருப்பதோடு ஒப்பிடு, வித்தியாசம் இருந்தால் சொல், அச்சடி. நாற்பத்திரண்டு வரி. அதை எழுதி முடித்த அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற டெய்லர்.

"என் கழுத்துல கிடக்குற டேப்பு எதையும் மறக்காதும்மா. உன் டேப்புக்குத்தான் ஆள் வெச்சுக் கேள்வி கேக்க வேண்டியிருக்கு," என்றார் அவர்.

"கேக்கலேன்னா பொய் சொல்லும்ங்க அது," என்றாள் அக்கா. அவ்வளவு பெருமை அவளுக்கு.

இவ்வளவு உழைத்தும் அவள் நிரந்தர ஊழியர் இல்லை. அங்கே எல்லார் கழுத்திலும் அட்டை தொங்கும். நிரந்தரம் என்றால் நீலப் பட்டை, தற்காலிகம் என்றால் சிவப்பு. வருஷம் பிறந்தால் அக்காவுக்குப் புது அட்டை, புதுச் சிவப்புப் பட்டை. பழைய பட்டைகளை வீட்டில் டெய்லர் துணிக்கட்டு கட்டப் பயன்படுத்திக்கொண்டார். முதல் வருஷம் அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். பத்தாவது வருஷம் சிரிக்கவில்லை. நீலப் பட்டை ஒன்று கழுத்தில் விழ வேண்டும், அதற்கப்புறம் சாகலாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் புது மேலாளர் வந்தார். வந்த வாரமே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. ஒம்பது மணி. எதைக் கேட்டாலும் ஒன்பது மணிக்கு மேசையில் இருக்க வேண்டும் என்பார். கோப்பு ஒன்பது மணிக்கு, புகார் ஏடு ஒன்பது மணிக்கு. அக்காவைக் கூப்பிட்டு, டேப் ரிப்போர்ட்டும் ஒன்பது மணிக்கு என்றார்.

"சார், ராத்திரிப் பிரதி முடியவே ஏழு ஆகுது. அப்புறம் டேப்பைத் திருப்பிச் சுத்தி முழுசாப் படிக்கணும். மணி பத்துப் பத்து ஆயிடும் சார்."

"சீக்கிரம் படிக்கச் சொல்லுங்க."

"அது மெஷின் சார். அது ஓடுற வேகத்துலதான் ஓடும். வேணும்னா நேத்து ரிப்போர்ட்டை இன்னிக்கு ஒம்பதுக்குத் தந்துடுறேன்."

"பழைய பேப்பரை யாரும்மா படிப்பா?" என்று சிரித்தார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கிற ரகம். பிறகு கேட்டார்: "டேப்புல என்னென்ன போகணும்னு பிரதி எடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு பட்டியல் தயாராகுமில்ல? அதைப் பாத்து அடிச்சுக் குடுங்களேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணு இல்ல சார். அது போக வேண்டியது. இது போய்ச் சேர்ந்தது."

"போக வேண்டியது போகாம எங்கம்மா போகும்?"

"எழுத்துல குடுங்க சார், மாத்திடுறேன்."

அந்த மனிதர் சிரிப்பதை நிறுத்தினார். மேசையின் வலது பக்கம் இருந்த கோப்பின் மேல் கையை வைத்தார். தட்டவில்லை, திறக்கவில்லை, சும்மா வைத்தார். "நிரந்தரமாக்குற பட்டியல் இதுலதான் இருக்கு. உங்க பேர்தான் முதல்ல இருக்கு. நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பணும். ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தானே வேலை செய்யணும்?"

மிரட்டினார் என்று சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் அந்த ஆளின் சாமர்த்தியம். அக்கா கீழே இறங்கி வந்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் புதுசாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பதினேழு வரி. டேப்பைத் தொடாது. பட்டியலை எடுக்கும், எண்ணும், அழகாக அடுக்கும், கீழே 'சரி' என்று அடிக்கும். நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாடி உதவியாளர் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார். அடியில் அவள் கையெழுத்து.

அவள் அப்போதும் ஏமாற்றவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது மணிக் காகிதம் ஒரு பக்கம் போகும். பழைய நாற்பத்திரண்டு வரி இன்னொரு பக்கம் டேப்பைப் படித்துக்கொண்டே இருக்கும். பத்துப் பத்துக்கு அது சொல்கிற நிஜக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவள் டீ குடிப்பாள். இரண்டு மாசம் இப்படி ஓடியது. ஒரு நாள்கூட வித்தியாசம் வரவில்லை. வந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

அவள் யாருக்காக இப்படி மெனக்கெட்டாள் என்றால், வாரியத்துக்காக இல்லை. அளவைக்காரருக்காக. நாற்பது வயது மனிதர், ஊர்த் தெருக்களை ஒவ்வொன்றாக நடந்து குழாய் அளப்பது அவர் வேலை. காகிதத்தில் எழுதாதே, கைக்கருவியில் நேரே பதிந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று அவருக்கு உத்தரவு. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தங்காது. சாயங்காலம் வெயிலில் கருகிய முகத்தோடு பின்வாசலில் வந்து நிற்பார். "அக்கா, உள்ள கொஞ்சம் குளிர் காய்ஞ்சுக்கிறேன்," என்பார். குளிர் காய்கிறதாம். போகும்போது தவறாமல் கேட்பார்: "என் தெருவெல்லாம் பத்திரமா?"

"பத்திரம் தம்பி. எண்ணிப் பாத்துட்டேன்," என்பாள் அக்கா. எண்ணித்தான் பார்த்திருப்பாள்.

அப்புறம் டேப் படிக்கிற டிரைவ் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மாசம் பிறந்து நாலாம் தேதி. மேலாளர் கீழே இறங்கி வந்தார், அந்தப் படிகளில் அவர் கால் வைத்தது அந்த ஒரு தடவைதான். டிரைவ் தடுமாறியதில் பத்தே முக்காலாகியும் டேப் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா ஓடுது?"

அக்கா சொன்னாள்.

"ராத்திரி பூரா ஓடுறது பத்தலேன்னு காலைலயும் போட்டு ஓட்டுனா தேயாம என்ன செய்யும்? ரிப்போர்ட்தான் ஒம்பதுக்கே வந்துடுதே! அப்புறம் எதுக்கு இது? நான் வேணாம்னு சொன்னதை மறைச்சு செய்றீங்களா?"

 மறைத்துச் செய்ததாம்! உள்ளதை உள்ளபடி பார்த்ததற்கு இந்தப் பெயர். அன்றோடு நிறுத்தினாள். ஆனால் அன்று சாயங்காலமே அந்தப் பதினேழு வரி ஸ்கிரிப்டைத் திறந்து, தலைப்பில் மூன்று வரி சேர்த்தாள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, மனுஷர் படிப்பதற்கென்றே எழுதுகிற குறிப்பு வரிகள் அவை. 'எச்சரிக்கை: இந்த ரிப்போர்ட் டேப்பைப் படிப்பதில்லை. போக வேண்டியவற்றின் பட்டியலைத்தான் படிக்கிறது. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னபடி, இன்று முதல் டேப்பைப் படிப்பது நிறுத்தப்பட்டது.' தேதியும் போட்டாள். என்றைக்காவது யாராவது திறந்து பார்ப்பார்கள், அப்போது உண்மை தெரியும் என்று ஒரு நிம்மதி. அதை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கக் கூடாதா?

பத்தொன்பதாம் தேதி டிரைவை மாற்ற மெக்கானிக் வந்தான். சாமான் விற்ற கடையின் ஆள், கையில் ஒரு பை, காதில் போன். புது டிரைவை மாட்டினான், ஏதோ தட்டினான், ஓடுகிறது என்றான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான். அவன் செய்தது இதுதான். டிரைவுக்குக் கம்ப்யூட்டரில் இரண்டு பெயர் உண்டு. ஒரு பெயரைச் சொல்லி எழுதச் சொன்னால் எழுதி முடித்த இடத்திலேயே டேப் நிற்கும், அடுத்தது அங்கிருந்து தொடரும். இன்னொரு பெயரைச் சொன்னால் எழுதி முடித்ததும் டேப் தானாக முதலுக்கு ஓடிவிடும். ராத்திரிப் பிரதி ஐந்து பகுதி. மெக்கானிக் போட்டது இரண்டாவது பெயரை. விளைவு, முதல் பகுதியான வரைபடத்தை எழுதிவிட்டு டேப் முதலுக்கு ஓடியது. அதன் தலைமேலேயே இரண்டாம் பகுதி. அதன்மேல் மூன்றாவது. கடைசியில் மிஞ்சியது ஐந்தாம் பகுதி மட்டும். ஒரு பிழைச் செய்தி கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. புது டிரைவ் வழுவழுவென்று ஓடியது. பழைய நாற்பத்திரண்டு வரியை ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தால் மறுநாள் பத்துப் பத்துக்கே கத்தியிருக்கும்.

பதினேழு வரி கத்துமா? அதற்கு எல்லாம் சரி. அது தினமும் ஒன்பது மணிக்குச் சரி, சரி என்று அச்சடித்தது. கொடுமை என்னவென்றால், மாசம் போகப் போக அக்காவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். தன் கையால் எழுதிய பொய் என்பதை மறந்தே போனாள். அளவைக்காரர் கேட்டபோதெல்லாம் காகிதத்தைக் காட்டி, "பத்திரம் தம்பி, பாருங்க," என்றாள். எண்ணிப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

ஏழு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா கதவைத் திறந்தபோது அறையில் கணுக்கால் நனையத் தண்ணீர். ஏசிக் குழாய் உடைந்து கம்ப்யூட்டரின் தலையிலேயே கொட்டியிருந்தது. குடிநீர் வாரியத்தின் கம்ப்யூட்டர் தண்ணீரில் செத்தது! மேலே இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அக்காவும் அன்று காலை ஒரு தடவை சிரித்தாள். டிஸ்க் போனால் போகட்டும், டேப் இருக்கிறதே.

மறுநாள் வேறு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்து, திங்கள் ராத்திரி டேப்பைப் போட்டுப் பார்த்தாள். வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் ஊழியர் வருகைப் பதிவு வந்தது. வாசலில் அட்டையைக் காட்டினால் மெஷின் நேரம் குறித்துக்கொள்ளுமே, அது; பிரதியின் ஐந்தாம் பகுதி. தப்பான டேப் என்று நினைத்து அதற்கு முந்தினதைப் போட்டாள். வருகைப் பதிவு. அதற்கு முந்தினது. வருகைப் பதிவு. ஏழாவது டேப்பிலும் அதுதான். இருபதையும் போட்டாள். அலமாரியைத் திறந்து மாசக் கடைசி டேப்களைப் போட்டாள். பின்னோக்கிப் போகப் போக, வரைபடம் முழுசாக முதலில் கிடைத்தது ஏழு மாசத்துக்கு முந்தின டேப்பில். மெக்கானிக் வந்ததற்கு முந்தின மாசக் கடைசி.

அளவைக்காரர் அன்று சாயங்காலம் பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. விஷயம் அதற்குள் பரவிவிட்டது.

"இருநூத்திப் பன்னெண்டு தெரு அக்கா," என்றார்.

"தம்பி, மெக்கானிக் மாத்திப் போட்டதுல..."

"தினமும் கேட்டேன். பத்திரம்னீங்க."

"அது வந்து, ரிப்போர்ட்ல..."

"ரிப்போர்ட் யாரு போட்டது? கையெழுத்து யாருது?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அக்கா அழுதிருக்கலாம். அவர் திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் படியில் அவர் நிற்கவே இல்லை.

விசாரணை வைத்தார்கள். வேறு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜலதோஷக்காரர், நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொள்வார். மேலாளர் இரண்டு வரியில் முடித்தார்: "எனக்கு டெக்னிக்கல் தெரியாது சார். தினமும் ஒம்பது மணிக்கு ரிப்போர்ட் வரும், எல்லாம் சரின்னு இருக்கும், கையெழுத்தும் இருக்கும்." ஏழு மாசத்துக் காகிதமும் கட்டாக மேசையில் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை, தேதி வரிசை தப்பவில்லை. அதை அவ்வளவு ஒழுங்காகப் போட்டவளும் அக்காதான்.

"அவர்தான் சார் டேப்பைப் படிக்க வேணாம்னு சொன்னார்," என்றாள் அக்கா.

"எழுத்துல இருக்கா?"

"என் ஸ்கிரிப்ட்லயே குறிச்சு வெச்சிருக்கேன் சார். தேதியோட."

"காட்டுங்க."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அந்த ஸ்கிரிப்ட் இருந்தது தண்ணீரில் செத்த டிஸ்கில். அதன் பிரதி இருக்க வேண்டியது இரண்டாம் பகுதியில். இரண்டாம் பகுதி எந்த டேப்பிலும் இல்லை. நல்லதாக மிஞ்சியதில் கடைசி டேப் அந்த மாசக் கடைசியில் எடுத்தது. அவள் குறிப்பு எழுதியது நாலாம் தேதி. நாலு நாள், நாலே நாள் முந்தி எழுதியிருந்தால் இருந்திருக்கும்.

அதிகாரி விடவில்லை. அந்த நல்ல டேப்பிலிருந்து அவளுடைய ஸ்கிரிப்ட்களை எடுத்து அச்சடிக்கச் சொன்னார். இரண்டு வந்தன. நாற்பத்திரண்டு வரி ஒன்று, பதினேழு வரி ஒன்று. குறிப்பு எதுவும் இல்லை. அவர் கூட வந்த கம்ப்யூட்டர் ஆள் படித்துப் பார்த்து, பெரியது டேப்பை நிஜமாகவே படிக்கிறது, சின்னது படிப்பதுபோல் நடிக்கிறது என்று விளக்கினார்.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"அப்போ டேப்பை எப்படிச் சோதிக்கணும்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் இதைப் போட்டிருக்கீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார். வேலை தெரியாதவளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார்கள் போலிருக்கிறது.

மறுநாள் ஒரு வேலை கொடுத்தார்கள். எல்லா டேப்பிலும் உள்ளதை ஒன்றுவிடாமல் படித்து விசாரணைக்குப் பட்டியல் போட வேண்டும். யார் போடுவது? அவளைத் தவிர யாருக்குத் தெரியும்! அவள் கழுத்துக்கு அவளையே கயிறு திரிக்கச் சொன்னார்கள். அக்கா நாற்பத்திரண்டு வரியை எடுத்து ஓட்டினாள். பட்டியல் வந்தது. வருகைப் பதிவு, வருகைப் பதிவு, வருகைப் பதிவு. இத்தனை வருஷத்தில் அடுத்தவர் விவரத்தைத் திறந்து பார்த்தவளில்லை அவள். அன்று திறந்தாள். ஊரின் குழாயெல்லாம் போய், எவன் எத்தனை மணிக்கு வந்தான் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறதே என்ற எரிச்சலில் திறந்தாள்.

மேலாளரின் அட்டை எண்ணுக்கு நேரே நேரம். பத்து நாற்பது. பத்து முப்பத்தைந்து. பதினொன்று. பத்து ஐம்பது.

அக்கா தப்பாகப் படிக்கிறோமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். பத்து நாற்பத்தைந்து. பத்து முப்பது. மாடி உதவியாளர் ஏதோ வாங்க வந்தவரைப் பிடித்துக் கேட்டாள்: "அவர் ஒம்பது மணிக்கு வர்றதில்லையா?"

"யாரு, ஒம்பது மணியா?" அவர் சிரித்தார். "அவரு என்னிக்கு அக்கா ஒம்பதுக்கு வந்தாரு? நான் மேசைல வெச்சிட்டு வந்துடுவேன். உங்களுக்குத் தெரியாதா? மேல எல்லாருக்கும் தெரியுமே!"

கீழே சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் வருவதும் போவதும் பின்வாசல்.

அன்று மத்தியானம் அக்கா தன் கடைசி ஸ்கிரிப்டை எழுதினாள். ஒன்பது வரி. வருகைப் பதிவை எடு, புது டிரைவ் வந்த நாளிலிருந்து அந்த ஓர் அட்டையைப் பார், நிஜ ரிப்போர்ட் தயாராகும் பத்துப் பத்துக்கு முன்னால் அது வாசலைக் கடந்த நாட்களை எண்ணு. ரிப்போர்ட் ஒரே வரி. வேலை நாள் நூற்று நாற்பத்தாறு. பத்துப் பத்துக்கு முன் வந்தது மூன்று.

அதை அதிகாரியிடம் கொடுத்தாள். "சார், இது டேப்புல இருந்து படிச்சது. இது பொய் சொல்லாது. ஒம்பது மணிக்கு வேணும்னு சொன்னதாலதான் மாத்தினேன். நூத்தி நாப்பத்தி மூணு நாள், டேப்பை முழுசாப் படிச்சுக் குடுத்திருந்தாக்கூட அவர் வர்றதுக்கு முன்னாடி மேசைல இருந்திருக்கும்."

அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். உதடு ஓரத்தில் சிரிப்பு வந்து போனதோ என்னவோ. காகிதத்தை நாலாக மடித்து அவளிடமே நீட்டினார்.

"அவர் எத்தனை மணிக்கு வர்றார்ங்கிறது இந்த விசாரணைக்குள்ள வராதும்மா."

முடிவு வர மூன்று வாரம் ஆனது. மெக்கானிக்கின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. மேலாளர் கவனமாக இருந்திருக்கலாம் என்று ஒரு வரி. அக்காவின் அட்டை புதுப்பிக்கப்பட மாட்டாது. நிரந்தரமாக்கும் பட்டியலில் முதல் பெயரை அடித்துவிட்டு மற்றவர்களை மேலே ஏற்றினார்கள். அந்தக் கோப்பு அதுநாள்வரை மேலாளர் மேசையைவிட்டு நகரவேயில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடுகிறேன் என்றவர் போடவே இல்லை. நாசமாய்ப் போக.

கடைசி நாள் வாசல் காவலாளி தர்மசங்கடத்தோடு கையை நீட்டினார். அக்கா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவர் அட்டையை மட்டும் உருவிக்கொண்டு பட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "அட்டை மட்டுந்தான் அக்கா கேட்டிருக்காங்க. இதை நீங்களே வெச்சுக்கங்க."

போகிற வழியில் அளவைக்காரரைப் பார்த்தாள். போன வருஷம் அளந்த அதே தெருவில் குனிந்து மறுபடி அளந்துகொண்டிருந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. அக்கா எதிர்ச்சாரியில் நின்றாள். கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவர் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தபோது அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

வீட்டில் டெய்லர் தைத்த சீருடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பட்டையை நீட்டினாள்.  அவர் வாங்கித் துணிக்கட்டைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். அவர் படித்தார்.

"மூணு நாள்தானா?"

"மூணே மூணு நாளுங்க."

அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். பிறகு, குத்திக் காட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் கேட்டார்: "ஒரு நாள் ஒம்பது மணிக்கு மேல போய் எட்டிப் பாத்திருக்கலாமேம்மா?"

"பாத்திருக்கலாம்," என்றாள் அக்கா. "யாரும் தடுக்கல. டேப்பை நம்பக் கூடாதுன்னு தினமும் படிச்சுப் பாத்தவ நானு. அந்தாளு மேசைல இருக்கானான்னு ஒரு நாளும் பாக்கல. நீலப் பட்டை வந்தப்புறம் மேல போய்க்கலாம்னு இருந்துட்டேன்."

அவர் அடுத்த துணியை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார். இன்னும் பதினொரு சட்டை பாக்கி இருந்தது.